எண்ணிக்கையில் ஒருவர் அதிகம்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடல் கடந்தவர்கள். நான் கடந்தது வெள்ளாற்றை. அதிலும் அன்றைக்கு முழங்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், நான் ஐந்தாண்டுகளாக மேடையில் பேசிவருபவள் என்பதை அறியாதவர்கள். நெல்லிக்குப்பத்தில் ஒருமுறை 'உழவனை வாழவைப்பது நெல்லா, கரும்பா' என்ற பட்டிமன்றத்தில் நெல்லின் பக்கம் நின்றேன். எதிரே அமர்ந்திருந்தவர் அனைவரும் ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர்கள். அங்கேயும் நான் கைதட்டல் வாங்காமல் இறங்கவில்லை. இதைத் தற்பெருமை என்று கருதுவோர் கருதிக்கொள்ளலாம், நிகழ்ந்ததைத்தான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு புத்தகம் கூரியரில் வந்தது. விமானப் பயணத்தைப் பற்றிய திகில் கதைகளின் தொகுப்பு. பல நாட்டுக் கதைகள், தமிழில் பெயர்க்கப்பட்டவை. அட்டையில் கருமேகம், அதற்குள் ஒரு விமானம், அதன் சன்னல் ஒன்றில் மட்டும் வெளிச்சம். அனுப்பியவர் தணிகாசலம். சிதம்பரம் தெற்கு வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கடையை மூடும் நேரங்களில் ஒரு வாசகர் வட்டத்தின் செயலாளர். புத்தகம் கைக்கு வந்த அரை மணி நேரத்தில் தொலைபேசியும் வந்தது.

"மேடம், மொத்தம் பதினாறு கதை மேடம். எல்லாமே பிளைட்டு, எல்லாமே பேயி. சனிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம். நீங்க பேசற பேச்சுல ஜனங்க நடுங்கிடணும்."

"நடுங்குவார்கள்" என்றேன். தொலைபேசியிலும் நான் எழுத்துத் தமிழில்தான் பேசுவேன். பழக்கம் விட்டுப்போனால் மேடையில் நாக்கு தடுக்கும்.

கேட்டுக்கொண்டிருந்த என் அப்பா, காபித் தம்ளரைக் கீழே வைக்காமலேயே கேட்டார்: "ஏம்மா, நீ பிளைட்ட கிட்டக்கப் பாத்ததுகூட இல்லியே, அதப் பத்தி என்னா பேசுவ?"

"கடலைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் அதில் மூழ்கியவர்களா?"

"அது இல்ல. ஒனக்குப் பாண்டிச்சேரி பஸ்ல போனாலே தல சுத்துமே, அதுக்குக் கேட்டேன்."

கேள்விக்குக் கேள்வியால் விடையளிப்பது மேடைக்கலையின் முதல் பாடம். அந்தக் கேள்வியை எதிர்கொள்பவர் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார் என்பது அந்தப் பாடத்தின் நம்பிக்கை. அப்பாக்களை மனத்தில் வைத்து அந்தப் பாடம் எழுதப்படவில்லை.

கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை முழுவதும் படித்தேன். முதல் கதையை ஏளனத்தோடு தொடங்கினேன். ஒரு விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையில், பயணம் செய்யாத ஒருவரின் பெயர் எழுதிய பெட்டி மட்டும் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் அந்தப் பெயருடையவர் முதன்முதலாக விமானம் ஏறி அங்கே வந்து இறங்குகிறார். இன்னொரு கதையில், தரையிறங்க அனுமதி கிடைக்காத விமானம் ஒன்று ஊரைச் சுற்றுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அரைமணி நேரம், கீழே காத்திருப்பவர்களுக்கு முப்பது ஆண்டு. மாலைக்குள் பதினாறையும் முடித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். வெகு உயரத்தில் ஒரு விமானம் வெள்ளைக்கோடு இழுத்தபடி தெற்கே போயிற்று. அது கண்ணிலிருந்து மறையும்வரை நான் இமைக்கவில்லை. எனக்குப் பயம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆய்வாளரின் கவனம் என்று கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் தனியார் பேருந்து ஒன்றில் சன்னலோர இருக்கை பிடித்தேன். கூட்டம் மாலையில்தான், ஆயினும் அயலூருக்குப் பேச்சாளர் முன்கூட்டியே செல்வது மரபு. ஓட்டுநர் போட்ட பாட்டுக்குச் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நெடும்பயணிகள் விமானத்தில் காதடைப்பதைப் பற்றி உருக்கமாக எழுதுகிறார்கள். எங்கள் ஊர்ப் பேருந்துக்காரர்கள் அதைத் தரையிலேயே செய்து தருகிறார்கள்.

குடிகாட்டில் ஒரு பெண்மணி ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் மஞ்சள் துணிப்பை, கழுத்தில் சிறு சிலுவை கோத்த செயின். உட்கார்ந்ததும் என் மடியிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தார்.

"பாடப் பொஸ்தகமா பாப்பா?"

"இல்லை அக்கா. கதைப் புத்தகம்."

"பிளைட்டு போட்டிருக்கு?"

"விமானத்தைப் பற்றிய கதைகள்."

"அப்பிடியா!" என்று அவர் முகம் மலர்ந்ததை நான் இலக்கிய ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். பெயர் அமலா என்றும், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர் என்றும், மகள் பிரின்சிக்கு அடுத்த மாதம் பிரசவம், அதற்கு மருந்து வாங்கச் சிதம்பரம் போகிறார் என்றும் ஆலப்பாக்கம் வருவதற்குள் தெரிந்துகொண்டேன். மகள் எங்கே இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பேசுகிறவர்கள் கேட்பதில் சற்றுக் குறைவுடையவர்கள்.

ஆலப்பாக்கம் தாண்டி ஒரு கிலோமீட்டரில் பின்சக்கரத்தின் டயர் வெடித்தது.

"மச்சான், ஓரங்கட்டு! போச்சு!" என்று நடத்துநர் கத்தினார். "எல்லாரும் எறங்குங்க. கால் மணி நேரந்தான்."

"போன தடவையும் கால் மணி நேரம்னுதான் சொன்ன" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "எம் மச்சினி கல்யாணமே முடிஞ்சிடுச்சு."

"தாலி கட்டுனதும்தான சாப்பாடு போடுவாங்க? நீ கரெக்டா பந்திக்குப் போயிட்டல்ல, அப்பறம் என்னா?" என்றார் நடத்துநர்.

நான்குவழிச் சாலைக்காக அங்கே மரங்களை எடுத்துவிட்டார்கள். நிழலென்று இருந்தது பேருந்தின் நிழல் மட்டுமே. அந்த மூன்றடி அகலப் பட்டையில் இருபத்தைந்து பேர் வரிசையாக நின்றோம். நடத்துநரும் ஓட்டுநரும் ஜாக்கியோடு மல்லுக்கட்டினார்கள். வெயில், சலிப்பு, இருபத்தைந்து ஜோடிக் காதுகள். பயிற்சி பெற்ற ஒரு பேச்சாளர் இதற்கு மேலும் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"சும்மாதான நிக்கிறோம், ஒரு கதையப் படியேன் பாப்பா" என்று அமலா அக்காவே கேட்டதை மட்டும் என் தரப்புச் சாட்சியமாகப் பதிவு செய்துகொள்கிறேன்.

தொகுப்பின் ஒன்பதாம் கதையைப் படித்தேன். நூற்றெண்பது இருக்கைகள் கொண்ட ஒரு விமானம், எல்லாம் நிரம்பிவிட்டன. புறப்படும் முன் பணிப்பெண் கையிலிருக்கும் சிறு கருவியை ஒவ்வொரு தலைக்கும் ஒருமுறை அழுத்தி எண்ணிக்கொண்டு வருகிறாள். நூற்றெண்பத்தொன்று. திரும்ப எண்ணுகிறாள். நூற்றெண்பத்தொன்று. நிற்பவர் ஒருவருமில்லை; கழிப்பறைகள் காலி. கணக்கைத் தன் தவறென்று எண்ணி மறைத்துவிடுகிறாள். விமானம் பறக்கிறது. விளக்கணைத்த பிறகு மீண்டும் எண்ணுகிறாள். அதே எண். தரையிறங்கி வாசலில் நின்று எண்ணும்போது இறங்கியவர்கள் சரியாக நூற்றெண்பது. நிம்மதியாக வீட்டுக்குப் போய் மணியை அழுத்துகிறாள். கதவைத் திறக்கும் அவளுடைய தாய் கேட்கிறாள்: "உன் பின்னால் நிற்பது யார்?"

கடைசி வரிக்கு முன் மூன்று விநாடி இடைவெளி விட்டேன். குரலைத் தாழ்த்தி, 'பின்னால்' என்ற சொல்லில் அமலா அக்காவின் தோளுக்கு மேலே பார்த்தேன். இருபத்தைந்து பேரில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜாக்கி நின்றுவிட்டது. சாலையில் போன லாரியின் ஓசை தவிர வேறு ஓசையில்லை.

அவையின் கைதட்டலைவிட மேலானது அவையின் மௌனம். அந்த மௌனத்தில் நான் ஓர் அடி உயர்ந்து நின்றதாக உணர்ந்தேன்.

"பட்டப்பகல்ல இப்பிடியா பயங்காட்டுறது" என்று ஓட்டுநர் ஜாக்கியை மறுபடி எடுத்தார்.

அமலா அக்கா என் கையைப் பிடித்தார். "இது நெசமாவே நடந்துதா பாப்பா?"

அப்போது 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மூன்றெழுத்து. ஆனால் ஒரு பேருந்தே மூச்சடக்கி நிற்கும்போது இறங்கிவர எந்தப் பேச்சாளருக்கு மனம் வரும்?

"நடக்காத ஒன்றையா இத்தனை நாட்டுக்காரர்கள் இத்தனை மொழிகளில் எழுதிவைப்பார்கள்?"

"ஆமாமில்ல" என்றார் அவர், மெதுவாக.

பேருந்து கிளம்பியது. புதுச்சத்திரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்க வந்தவரிடம் அக்கா ஒன்று வாங்கிப் பாதியை எனக்குத் தந்தார். தன் பாதியைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். பரங்கிப்பேட்டை விலக்கு தாண்டியதும் கைபேசியை எடுத்தார்.

"பிரின்சி... அம்மாதான். நல்லாருக்கியா? கால் வீக்கம் கொறஞ்சுதா? ... ஒண்ணும் இல்லடி. நான் வரல. ... வரலன்னா வரல. செவ்வாக்கெழம டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லு மாப்ளைய. ... எனக்கு ஒடம்பு சரியில்லன்னு வச்சிக்கயேன். ... அழுவாதடி. அழுவாத. மாதா பாத்துக்குவா."

கைபேசி மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

அப்போதுதான் விசாரித்தேன். மகள் மஸ்கட்டில் இருந்தாள். மருமகன் கிரேன் ஓட்டுபவர். பன்னிரண்டு மணி நேர வேலை. மகளின் மாமியார் முட்டிவலியோடு கம்மாபுரத்தில். எட்டாம் மாதம் முடியப்போகும் மகளை இனி விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆக, தாய் போக வேண்டும். அல்லது அவள் தனியாகப் பெற வேண்டும். அந்தத் தாய் பாஸ்போர்ட் எடுத்து, விடுப்பு எழுதிக்கொடுத்து, மூன்று மாதமாகத் தைரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தார். அதை நான் பேருந்தின் நிழலில் நின்று பத்தே நிமிடத்தில் கரைத்திருந்தேன்.

உடனே மறுப்புரையைத் தொடங்கினேன். விமானம் பாதுகாப்பானது என்பதற்கு மூன்று காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமை. முடிவில் தாய்மையைப் பற்றி ஓர் உருக்கம். தோற்கும் அணியைத் தூக்கி நிறுத்திய என் உத்திகள் அனைத்தையும் இறக்கினேன்.

அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப அங்க நின்னு சொன்னது பொய்யா?" என்றார்.

"அது கதை அக்கா. நான் இரண்டு பக்கமும் பேசுவேன். எங்கள் தொழில் அப்படி."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பேசுற. எந்தப் பக்கம் நெசம்னு நான் எப்பிடிக் கண்டுபுடிக்கறது?"

ஐந்தாண்டுகளில் எந்த எதிரணியும் என்னிடம் கேட்காத கேள்வி அது. வெள்ளாற்றுப் பாலம் வந்தது, போயிற்று.

சிதம்பரத்தில் இறங்கியதும் நான் என் வழியே போயிருக்கலாம். போகவில்லை. மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த நாட்டு மருந்துக்கடைக்கு அவருடன் நடந்தேன். பிரசவ லேகியம், வசம்பு, சுக்கு, ஓமம் என்று ஒவ்வொன்றாக வாங்கினார். "நீங்கள்தான் போகவில்லையே" என்றேன். "நான் போகலன்னா என்னா, மருந்து போகணுமில்ல? கூரியர்ல போடுவேன்" என்றார். கடைக்காரர் லேகியப் புட்டியை மூடியபடி சிரித்தார். "கூரியர்லயா? அது போய்ச் சேர்றப்ப புள்ள பள்ளிக்கூடம் போயிடும்மா."

அக்கா சிரிக்கவில்லை.

பசித்தது. மெஸ் ஒன்றில் சாப்பிட்டோம். சிதம்பரத்துக் கொத்சைப் பற்றி நான் இதுவரை அலட்சியமாகப் பேசி வந்திருக்கிறேன். கடலூரில் பிறந்தவர்கள் மீன்குழம்பு இல்லாத இலையை உணவாகக் கருதுவதில்லை. ஆனால் சுட்ட கத்திரிக்காயின் புகைமணமும், வறுத்தரைத்த மல்லியும், புளியும் அடங்கிய ஒரு கரண்டி கொத்சு அன்றைக்கு என் ஊர்ப்பற்றை அசைத்தது. அக்கா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். "எம் பொண்ணுக்கு இது உசுரு. போய் மொத நாளே செஞ்சு குடுக்கணும்னு இருந்தேன்" என்றவர், இலையை மடித்து எழுந்துவிட்டார்.

"மாலையில் என் கூட்டத்துக்கு வாருங்கள் அக்கா" என்றேன்.

"மறுபடியும் பேய்க்கதையா?"

"வாருங்கள்."

திரும்பிப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றுதான் அவர் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கீழ வீதியை ஒட்டிய ஒரு டுடோரியல் கல்லூரியின் மாடியில் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். தணிகாசலம் வேட்டி மடிப்புக் கலையாமல் அங்குமிங்கும் ஓடினார். மேடைக்குப் பின்னால் கறுப்புத்துணி கட்டி, அதில் காகித விமானம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் அது தன்போக்கில் தரையிறங்கி ஏறிக்கொண்டிருந்தது. "மேடம், லைட்ட ஒண்ணு அணைச்சிடட்டுமா? எபெக்ட்டா இருக்கும்" என்று கிசுகிசுத்தார். பொன்னாடை போர்த்தினார். நான் எழுந்தேன்.

மூன்றாம் வரிசையில் அமலா அக்கா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை அல்ல, காகித விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் நாற்பது நிமிட உரை மனப்பாடமாக இருந்தது. முதல் வாக்கியமே மூன்று அடுக்கு. வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"நான் இதுவரை விமானத்தில் போனதில்லை" என்றேன்.

அவை காத்திருந்தது. இதுவும் ஓர் உத்தி என்று எண்ணியிருக்க வேண்டும். அடுத்து வர வேண்டிய 'ஆயினும்' வரவில்லை.

"இன்று காலை பேருந்தில் வந்த ஒருவருக்கு இந்தப் புத்தகத்திலிருந்து ஒரு கதையைப் படித்துக் காட்டினேன். உண்மையா என்று கேட்டார். உண்மை என்று தோன்றும்படி விடை சொன்னேன். எனக்குத் தெரியாது என்பதுதான் சரியான விடை. அதைச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை."

யாரோ இருமினார். தணிகாசலம் மேடையோரம் வந்து, "மேடம், பொஸ்தகத்தப் பத்தி..." என்று கெஞ்சினார். மேடையேறத் தொடங்கிய நாளிலிருந்து நான் சந்தித்திராத இன்னொரு வகை மௌனம் அது. இதில் யாரும் உயர்வதில்லை.

"இங்கே விமானத்தில் போனவர்கள் இருந்தால் கையை உயர்த்துங்கள்" என்றேன்.

நாற்பதில் இருபதுக்கும் மேற்பட்ட கைகள் எழுந்தன. இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். வியப்பு என்னவென்றால், விமானப் பயணத்தைப் பற்றி அவர்களுக்கே எடுத்துரைக்க, பறக்காத ஒருத்தி கடலூரிலிருந்து டயர் வெடித்து வந்திருந்தாள்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஜமால் பாய் முதலில் எழுந்தார். ஜித்தாவில் இருபது ஆண்டு இருந்தவர். "நானும் அந்த ஒம்பதாம் கதையப் படிச்சேன் தங்கச்சி. சிரிப்பு வந்துடுச்சு. மடியில வச்சிக்கிற கைக்கொழந்தைக்கு சீட்டு கெடையாது. எண்ணுனா ஒரு தல ஜாஸ்தியாத்தான் வரும். எம் பேரன தூக்கிட்டு வந்தப்போ பிளைட்டுல ஏழு ஜாஸ்தி. அப்ப ஏழு பேயா?"

அவை சிரித்தது. மூன்றாம் வரிசையும் லேசாகச் சிரித்தது.

அதன் பிறகு கூட்டம் என் கையில் இல்லை. காதடைத்தால் எச்சில் விழுங்க வேண்டும் என்றார் ஒருவர். இல்லை, புளிப்பு மிட்டாய் என்றார் மற்றொருவர். கழிப்பறையில் தண்ணீர் இழுக்கும் ஓசைதான் உண்மையான திகில் என்று காட்டுமன்னார்கோயில் ஆசிரியை ஒருவர் சொன்னார். "நான் உள்ள போயி அத அமுக்குனேன் பாருங்க, பிளைட்டே ஒடஞ்சிடுச்சுன்னு வெளிய ஓடியாந்துட்டேன். வெளிய எல்லாரும் தூங்குறாங்க!"

அப்போது அமலா அக்கா எழுந்து நின்றார். "ஒண்ணு கேக்கணும். லேகியம் கொண்டு போலாமா?"

தமிழ்நாட்டு மேடைகளில் எத்தனையோ தலைப்புகள் பேசப்பட்டிருக்கின்றன. இது பேசப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

"கைப்பையில தண்ணி மாதிரி எதுவும் உடமாட்டான்" என்றார் ஒருவர்.

"லேகியம் எங்கய்யா தண்ணி? அது கெட்டி."

"கெட்டின்னா கடிச்சுத் திங்கணும். இத நக்கித்தான திங்கற?"

"அல்வாகூட அப்பிடித்தான். நான் அல்வா கொண்டு போயிருக்கேன்."

"ஊறுகாய புடுங்கிட்டாங்க எங்கிட்ட!"

"ஊறுகாயில எண்ண மெதக்குது!"

இரண்டு அணிகள் தாமாகப் பிரிந்தன. நடுவே அமலா அக்கா மேடைக்கு வந்து, பையிலிருந்து புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, என் குறிப்புத்தாள்களின் மேல் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். அவை எட்டிப் பார்த்தது. லேகியம் அசையவில்லை.

"தீர்ப்பு சொல்லு பாப்பா" என்றார்.

தொண்டையைச் செருமினேன். கவிழ்த்தாலும் விழாத ஒன்றைத் திரவம் என்பது அறிவுக்கு ஒவ்வாது என்றேன். எனினும் விமான நிலையத்தில் நடுவர் நானல்ல, சீருடை அணிந்த ஒருவர் என்றேன். ஆகவே, இரண்டு உறைகள் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைப்பதே நன்று என்றேன். ஜமால் பாய் "அதான் சரி" என்று கைதட்டினார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. அதற்கு நாற்பது நிமிட உரை தேவைப்படவில்லை.

தணிகாசலம் நன்றியுரையில், "திகில் கொஞ்சம் கம்மி" என்று மட்டும் குறிப்பிட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை.

மாலைப் பேருந்தில் இருவரும் மீண்டும் பக்கத்துப் பக்கத்தில். அக்கா போவதாகவும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. விமானத்தில் குளிரும் என்று கூட்டத்தில் பலர் சொல்லியிருந்ததால், என் பொன்னாடையை மடித்து அவரிடம் நீட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது குளுருக்கு ஆகாது பாப்பா. சும்மா பளபளன்னு இருக்கு. கொழந்தைக்கு விரிச்சாலும் குத்தும். நீயே வச்சிக்க."

வெள்ளாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறும்போது கேட்டார்: "நெசமாவே நீ போனதில்லியா?"

"இல்லை."

"போவச் சொன்னா போவியா?"

மூன்றடுக்கு வாக்கியம் ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

"பயமா இருக்கு அக்கா."

எழுத்துத் தமிழ் என் வாயிலிருந்து நழுவியதை அவர்தான் முதலில் கவனித்தார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும்தான்" என்றார். "இப்பத்தான் நீ பேசறது பேச்சு மாதிரி இருக்கு."

கைபேசியை எடுத்து மகளை அழைத்தார். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்கும்படி உரக்க இருந்தது.

"பிரின்சி, அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்டி பண்ணல? நான்தான் சொன்னேனே."

"நீ போன தீவாளிக்கு ரயில்ல ஏற மாட்டேன்னு சொன்னியே, அப்பறம் மொத ஆளா ஏறி சீட்டு புடிக்கல? ஒன்ன எனக்குத் தெரியாதா? வரப்போ கொத்சுக்குப் பொடி அரைச்சு எடுத்துட்டு வா."

"பொடி கெட்டிதான், அது கைப்பையிலயே வரும்" என்றார் அக்கா, தீர்ப்பை மேற்கோள் காட்டும் தோரணையில். இறங்கும்போது என் எண்ணை வாங்கிக்கொண்டார்.

குடிகாட்டுக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் இடையில், என்னையும் அறியாமல், பேருந்திலிருந்த தலைகளை எண்ணினேன். முப்பத்திரண்டு. மறுபடியும் எண்ணினேன். முப்பத்திரண்டு. ஆய்வாளரின் கவனம்.

ஞாயிறும் திங்களும் புத்தகத்தைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பகலில், கல்லூரியில் இருக்கும்போது, கைபேசியில் ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் பெரும் இரைச்சல். யாரோ ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அமலா அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது போலிருந்தது.

"பாப்பா, உள்ள ஒக்காந்துட்டேன். லேகியம் பொட்டியில போயிடுச்சு, ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணு எண்ணிக்கிட்டே வந்துச்சு, நீ சொன்ன மாதிரியே, கையில அந்த மெஷினு. எனக்கு ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சு. முன்னாடி சீட்டுல ஒரு கைக்கொழந்த என்னப் பாத்து சிரிச்சுது. அப்பறம் ஒண்ணும் தெரியல. ... ஆப் பண்ணச் சொல்றாங்க. நாலு மாசம் கழிச்சு எம் பொண்ணோட திரும்பி வருவேன். அப்ப எண்ணுனா ஒண்ணு ஜாஸ்தி வரும். யாரும் பயப்படக் கூடாதுன்னு அந்தப் பொஸ்தகம் எழுதுனவங்ககிட்ட சொல்லிடு."